'அன்டுவோர்ட்' என்றால் அசம்பாவிதமா, அசிங்கமா?

பினாங்கில் 31 வருடம் கோர்ட் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி பத்திரிகை ஆங்கிலம், மீதி ஆபீஸ் கடித ஆங்கிலம். இந்த முறை 'அன்டுவோர்ட்' (untoward) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் கடிதம் அவசரம் என்பதால் அதற்கு நேரிலும் பதில் அனுப்பிவிட்டேன். ஆனாலும் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் பாயான் பாருவில் ஒரு கொண்டோவில் ராத்திரி ஜாகா (காவல்) வேலை பார்க்கிறார். தினமும் காலையில் புத்தகத்தில் 'நத்திங் அன்டுவோர்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். முன்னால் இருந்தவர் அப்படித்தான் எழுதச் சொல்லிக் கொடுத்தாராம். போன வாரம் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குடியிருப்பவர் ஒருவரிடம் இவர் 'அன்டுவோர்ட்' ஆக நடந்துகொண்டதாகப் புகார் வந்திருக்கிறது, 7 நாளில் விளக்கம் வேண்டும் என்று இருக்கிறது. மகள் போனில் தேடிப் பார்த்து 'அசம்பாவிதம்' என்கிறாள். பக்கத்து வீட்டில் கேட்டால், 'அசிங்கமா நடந்துக்கிட்டார்னு அர்த்தம்' என்கிறார்கள். அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எதுக்கா சரி?
*வாசகி, ஆயர் ஈத்தாம்*

பதில்: தங்கச்சி, முதலில் அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். புகார் வந்திருக்கிறது என்பதைத் தவிர அந்தக் கடிதத்தில் வேறு எதுவும் இல்லை. என்ன புகார் என்று அதில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது. சொல்லாமல் சொல்வதற்கென்றே வைத்திருக்கும் சொல் அது.

அன்டுவோர்ட் என்பதற்கு இரண்டு பொருள். யார் மேலும் தப்பில்லாமல் வந்து சேரும் வேண்டாத காரியம் ஒன்று. லிஃப்ட் பாதியில் நிற்கிறது, மழையில் மரம் சாய்ந்து கார் மேல் விழுகிறது, இந்த மாதிரி. மற்றது, ஒருவர் முறை தவறி நடப்பது. பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பார்த்தால் எந்தப் பொருள் என்று தெரிந்துவிடும். 'இன்சிடென்ட்', 'இவென்ட்' என்று சம்பவத்தைக் குறிக்கும் சொல் இருந்தால் பெரும்பாலும் முதலாவது. 'பிஹேவியர்', 'கான்டக்ட்', 'ரிமார்க்' என்று மனிதரின் நடத்தையையோ பேச்சையோ குறிக்கும் சொல் இருந்தால் இரண்டாவது. உங்கள் வீட்டுக்காரர் புத்தகத்தில் எழுதுவது முதல் வகை. கடிதத்தில் வந்திருப்பது இரண்டாம் வகை. மகள் சொன்ன பொருள் அந்தச் சொல்லுக்கு உண்டு, ஆனால் இந்த இடத்தில் பொருந்தாது. பக்கத்து வீட்டில் சொன்னது அளவுக்கு மிஞ்சிய அர்த்தம். இந்த இடத்தில் தமிழில் 'முறையற்ற விதத்தில் நடந்துகொண்டார்' என்று சொல்லலாம். குரலை உயர்த்திப் பேசியிருந்தாலும் அது இதற்குள் வரும், கையைப் பிடித்திருந்தாலும் வரும், பார்சலை வாங்கி வைக்க மாட்டேன் என்று முறைத்திருந்தாலும் வரும். இவ்வளவு அகலமான சொல்லுக்கு விளக்கம் எழுத யாராலும் முடியாது.

அதனால் அவர் செய்ய வேண்டியது இதுதான். நான் செய்யவில்லை என்றோ மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோ இப்போதே எழுத வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணி, யாரிடம், என்ன சொன்னேன் அல்லது செய்தேன் என்று புகார், இதைத் தெரிவித்தால் பதில் தருகிறேன் என்று மரியாதையாக இரண்டு வரி எழுதிக் கொடுக்கட்டும். மலாயில் எழுதினாலும் சரி. ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். நடத்தை சரியில்லை என்று ஒரு தொழிலாளரைத் தண்டிக்கும் முன் முறையான விசாரணை வேண்டும் என்று 1955-ம் வருட வேலைச் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. அந்த நிலைக்குப் போகாது என்றே நம்புகிறேன். போய், வேலையை விட்டும் நிறுத்திவிட்டால், 1967-ம் வருடத் தொழில் உறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும். அந்த 60 நாளைத் தவற விட்டுவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்ல என் வேலையில் நடந்த ஒன்று காரணம். 1980களின் கடைசி. வேலைக்குச் சேர்ந்து மூன்றோ நாலோ வருடம் ஆகியிருக்கும். எந்தக் கோர்ட் என்பது வேண்டாம். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண் சாட்சி சொல்ல வந்திருந்தாள். ராத்திரி ஷிஃப்ட் முடித்து, தூங்காமல், அப்படியே வந்திருந்தாள். தொழிற்சாலை பஸ்ஸில் கூட வந்த ஒருவர் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டார் என்று போலீசில் சொல்லியிருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஆங்கிலத்தில் கேட்டார்: தொழிற்சாலை வாசலிலிருந்து உன் வீடு வரைக்கும் 'எனிதிங் அன்டுவோர்ட்' நடந்ததா?

நான் அவளைப் பார்த்து, "வழியில அசம்பாவிதம் ஏதும் நடந்துச்சாம்மா?" என்றேன்.

அவள் யோசித்தாள். பஸ் எதிலும் மோதவில்லை, டயர் வெடிக்கவில்லை, யாருக்கும் அடி படவில்லை. "இல்லைங்க" என்றாள். "நோ" என்று நான் சொன்னேன்.

அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு எல்லாம் கிடையாது. மாஜிஸ்திரேட் தன் கையால்தான் எழுதிக்கொள்வார். அவர் பேனா நிற்கும் வரை நாங்கள் எல்லாரும் காத்திருப்போம். 'நோ' எழுத எவ்வளவு நேரம் ஆகும்? பேனா அசைந்தது, நின்றது. வக்கீல் உடனே அடுத்த தாளைப் புரட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இவ்வளவு சுலபமான கேள்வியா என்று ஒரு நிம்மதி அவள் முகத்தில். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் போலீசில் சொன்னதை அவள் வாயாலேயே இல்லை என்று சொல்ல வைத்துவிட்டேன்.

கேள்வியை நான் சரியாகச் சொல்லவில்லை, திரும்பக் கேட்க அனுமதி வேண்டும் என்றேன். வக்கீல் கூடாது என்றார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தமிழில் என்ன சொல் போட்டாய் என்று கேட்டார். சொன்னேன். அதற்கு என்ன பொருள் என்றார். விபத்து, ஆபத்து மாதிரி என்றேன். அவர் வக்கீல் பக்கம் திரும்பி, அன்டுவோர்ட் வேண்டாம், எதைக் கேட்க நினைக்கிறீர்களோ அதை நேராகக் கேளுங்கள் என்றார். இரண்டாவது முறை, "அவர் உங்ககிட்ட தகாத முறையில நடந்துக்கிட்டாரா?" என்று நான் கேட்டபோது அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "ஆமாங்க" என்றாள். மாஜிஸ்திரேட் தான் எழுதிய 'நோ' மேல் ஒரு கோடு கிழித்தார், பக்கத்தில் சின்னதாகத் தன் இனிஷியலைப் போட்டார், 'யெஸ்' என்று எழுதினார்.

அந்தக் கோடு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. தப்பு என்னுடையது. ஆங்கிலச் சொல்லில் இரண்டு பொருள் இருந்தது. நான் பிடித்த தமிழ்ச் சொல்லில் ஒன்றுதான் இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் பக்கத்து வீட்டார் செய்ததும் இதே தப்புதான். அவர்கள் இன்னொரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, தங்கச்சி. லிஃப்ட் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்ட ராத்திரியில் 'நத்திங் அன்டுவோர்ட்' என்று எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அந்த இரண்டு சொல்லுக்குப் பொருள் 'வேண்டாதது ஒன்றும் நடக்கவில்லை' என்பது. நடந்ததை மணியோடு எழுதி வைத்தால், நாளைக்கு அவருக்கு அதுவே துணை.

கேள்வி: அம்மா, இதை எப்படி உச்சரிக்க வேண்டும்? 'அன்டுவோர்ட் நத்திங்' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார்.
*எஸ்.பி.எம். மாணவன், கிள்ளான்*

பதில்: அன்-ட-வோர்ட். கடைசி அசையை அழுத்த வேண்டும். அமெரிக்கர்கள் நடுவில் உள்ள 'வ'வை விழுங்கி 'அன்-டோர்ட்' என்பதும் உண்டு. பரீட்சைக்கு முதலாவது போதும்.

நத்திங், எனிதிங், சம்திங் வந்தால் அடைமொழி பின்னால்தான் வரும். 'என்னப்பா விசேஷம்?' என்று கேட்டால் 'நத்திங் ஸ்பெஷல்' என்று நீங்களே சொல்வீர்களே, 'ஸ்பெஷல் நத்திங்' என்று சொல்ல மாட்டீர்களே. அதே விதிதான். ஒரு மனிதரை 'ஹி இஸ் அன்டுவோர்ட்' என்று எழுதவும் வேண்டாம், தம்பி. பழைய ஆங்கிலத்தில் உண்டு, இன்றைக்கு இல்லை. அவர் பேச்சு அன்டுவோர்ட், அவர் செயல் அன்டுவோர்ட் என்று எழுதலாம்.

கேள்வி: தைப்பூசம் முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் 'அசம்பாவிதம் எதுவுமின்றி' என்று செய்தி வருகிறது. அன்டுவோர்ட் என்பதற்கு இதுதான் சரியான சொல்லா? இதைவிட நல்ல தமிழ் கிடையாதா?
*வாசகர், ஈப்போ*

பதில்: ஐயா, நல்ல கேள்வி. அசம்பாவிதம் வடமொழியிலிருந்து வந்தது. சம்பவம் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். முன்னால் 'அ' சேர்ந்ததால் 'நடக்க முடியாதது, நடக்கும் என்று எண்ண முடியாதது' என்பதுதான் அதன் பழைய பொருள். ஆபத்து, கலவரம், விபத்து என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அது வந்த வழியும் எனக்குப் புரிகிறது. நம் 'கூடாது' என்ற சொல்லைப் பாருங்கள். முடியாது என்பதற்கும் அதுதான், செய்யாதே என்பதற்கும் அதுதான். 'நடக்கக் கூடாதது' என்று சொல்லிச் சொல்லி, நடக்க முடியாதது என்ற பொருள் நடந்தால் கெட்டது என்ற பொருளாகிவிட்டது. இதில் தப்பென்று சொல்ல நான் யார்? தமிழ் வாசகர் எல்லாருக்கும் புரிகிற சொல் அது. 'அசம்பாவித சம்பவம்' என்று இரட்டித்து எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம். ஒரே வேரை இரண்டு முறை சொல்வதாகிறது.

மலாயில் இதற்கு 'பெர்க்காரா யாங் திடாக் டிஇஙினி' என்பார்கள். விரும்பப்படாத காரியம் என்று அர்த்தம். முறைகேடான நடத்தைக்கு 'திடாக் செனோனோ' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். மலாய் பிரித்து வைத்தது நல்லதாகப் போயிற்று. நாமும் அப்படிச் செய்யலாம். சம்பவத்துக்கு 'விரும்பத்தகாத', நடத்தைக்குத் 'தகாத' அல்லது 'முறையற்ற'.

ஆனால் இரண்டு பொருளையும் ஒன்றாகத் தாங்கும் தமிழ்ச் சொல் நம் வாயிலேயே இருக்கிறது. ஏடாகூடம்! பிள்ளை மழையில் மோட்டாரில் கிளம்பினால், 'ஏடாகூடமா ஏதாவது ஆயிடப் போவுது' என்பார் பாட்டி. அதே பிள்ளை பெரியவர்கள் முன்னால் வாய் நீட்டினால், 'ஏடாகூடமாப் பேசாதே' என்பார். விபத்துக்கும் அதுதான், முறைகேட்டுக்கும் அதுதான். இவ்வளவு பொருத்தமான இணையை நான் வேறு மொழிகளில் கண்டதில்லை. கோர்ட்டில் போட முடியாது, செய்தியில் போட்டால் கொச்சை என்பார்கள். வீட்டில் ஒருவருக்கு அன்டுவோர்ட் என்பதைப் புரிய வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

தைப்பூசச் செய்தி எழுதும் தம்பிகளுக்கு என் விருப்பம் ஒன்று. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ரதம் போகும் வழியெல்லாம் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கிறார்கள். ஓட்டுச் சில்லு பட்டு ஒரு தொண்டருக்குக் காயம் என்றால் காயம் என்றே எழுதுங்கள். சங்கிலி பறித்தார்கள் என்றால் பறித்தார்கள் என்று எழுதுங்கள். இரண்டையும் அசம்பாவிதம் என்று ஒரே துணியால் மூடினால், அடுத்த வருடம் எதற்கு ஏற்பாடு செய்வது என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: புது மருந்து ஆராய்ச்சி ஒன்றில் சேர அப்பாவைக் கேட்கிறார்கள். பாரத்தில் (படிவத்தில்) 'அன்டுவோர்ட் மெடிக்கல் அக்கரன்ஸ்' என்று ஓர் இடம். பக்க விளைவுதானே?
*வாசகி, சுங்கை பட்டாணி*

பதில்: இல்லையம்மா. பக்க விளைவு என்றால் மருந்தால் வந்தது என்று முடிவு கட்டியாகிவிட்டது. இது அதைவிட அகலமானது. மருந்து ஆராய்ச்சிக்கான சர்வதேச நெறிமுறையில் 'அட்வர்ஸ் இவென்ட்' என்பதை விளக்கும்போது வரும் சொல்லாட்சி இது. மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை என்று அந்த விளக்கமே சொல்கிறது. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தாலும் அது இதில் வரும். 'உடல்நிலையில் ஏற்படும் வேண்டாத எந்த நிகழ்வும்' என்று தமிழாக்கிக்கொள்ளுங்கள். சம்பந்தம் இருக்கிறதா என்று பார்ப்பது டாக்டர் வேலை. தலை சுற்றினாலும் மறைக்காமல் சொல்வது அப்பா வேலை. கையெழுத்துப் போடும் முன் தமிழில் பாரம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வரிக்கு வரி வாயால் விளக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் போட வேண்டாம்.

கேள்வி: சரித்திரப் புத்தகத்தில் ஒரு பெரிய கடல் போரையே 'அன்டுவோர்ட் இவென்ட்' என்று பிரிட்டிஷ் அரசு சொன்னதாகப் படித்தேன். போரைப் போய் அப்படிச் சொல்லலாமா?
*வாசகர், தைப்பிங்*

பதில்: நவாரினோ போர். 1827 அக்டோபர் 20. கிரேக்கர்கள் விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றின் கப்பல்களும் சேர்ந்து துருக்கிய, எகிப்தியக் கப்பல் படையைச் சில மணி நேரத்தில் அழித்துவிட்டன. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். போர் என்று யாரும் அறிவிக்கவே இல்லை. துருக்கி பிரிட்டனுக்குப் பழைய நண்பன் வேறு. தன் படை ஜெயித்ததைக் கொண்டாடவும் முடியவில்லை, மன்னிப்புக் கேட்கவும் மனமில்லை. 1828 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட அரசர் உரையில் இந்தச் சொல்லைப் போட்டார்கள். அன்றைக்கே அதற்குப் பெரிய எதிர்ப்பு.

எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான், ஐயா. அன்டுவோர்ட் சின்ன சொல். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது பினாங்கில் மட்டும் 50க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். கடற்கரையில் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கப் போனவர்கள். அதை யாராவது 'அன்டுவோர்ட் இன்சிடென்ட்' என்று எழுதினால் நமக்கு மனசு ஆறுமா? உயிர் போன இடத்தில் இந்தச் சொல் வேண்டாம். பேரழிவு என்று சொல்லுங்கள், சாவு என்று சொல்லுங்கள்.

கேள்வி: 'டுவோர்ட்' என்றால் 'நோக்கி' என்று அர்த்தம். 'அன்' சேர்ந்தால் எப்படிக் கெட்டதாகிறது? எங்கள் சபையில் பழைய ஆங்கில வேதாகமத்தில் 'அன்டுவோர்ட் ஜெனரேஷன்' என்றும் வாசித்திருக்கிறேன்.
*வாசகர், பட்டர்வொர்த்*

பதில்: 'வோர்ட்' என்பது திசையைக் காட்டும் பழைய ஆங்கில ஒட்டு. ஃபார்வர்ட், பேக்வர்ட் இரண்டிலும் அதுதான். 'டுவோர்ட்' ஒரு காலத்தில் அடைமொழியாகவும் இருந்தது. சொன்னபடி கேட்கும், தேறிவரும் பிள்ளையை 'டுவோர்ட்' என்றார்கள். நம் பக்கம் முகம் திரும்பியிருப்பது என்ற எண்ணம். 16-ம் நூற்றாண்டில் 'அன்' சேர்ந்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு முரண்டு பிடிப்பது என்று ஆயிற்று. பிள்ளையின் முரண்டுக்குச் சொன்னது அப்புறம் காலத்தின் முரண்டுக்கும் ஆயிற்று. நமக்கும் இதே வழி உண்டு. அனுகூலம் என்றால் கரையை ஒட்டிப் போவது, பிரதிகூலம் என்றால் கரைக்கு எதிராகப் போவது. 'கூலம்' என்பது கரை. ஆங்கிலத்தில் நல்ல பக்கத்துச் சொல் வழக்கொழிந்து, கெட்ட பக்கத்துச் சொல் மட்டும் மிஞ்சியது. நமக்கு அனுகூலம் இன்னும் ராசிபலனில் தினமும் வருகிறது, பிரதிகூலம் தேய்ந்துவிட்டது. 'ஆக்வர்ட்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான், ஐயா. தப்பான பக்கம் திரும்பியது என்பது அதன் பொருள்.

நீங்கள் சொல்வது அப்போஸ்தலர் 2:40. 1611-ம் வருட ஆங்கில மொழிபெயர்ப்பு. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'மாறுபாடுள்ள இந்தச் சந்ததி' என்று வரும். முரண்டு பிடிக்கும் தலைமுறை. மாறுபாடு என்று போட்டவர் கை நல்ல கை. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொல்லுக்கு 'கோணலான' என்று பொருள். முதுகெலும்பு வளைந்துபோவதை டாக்டர்கள் ஸ்கோலியோசிஸ் என்கிறார்களே, அந்தப் பெயரும் அதே சொல்லிலிருந்துதான் வந்தது.